முன்பின் அறியாதவரிடம் யோசனை கேட்டல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மணவாழ்க்கையில் விரிசல், கழுத்தை நெரிக்கும் கடன், பிள்ளைகளின் போக்கு போன்ற சொந்தச் சிக்கல்களை உறவினரிடம் சொல்லக் கூசுவோர் பலர், முன்பின் அறியாதவர்களிடம் அவற்றை மனம்விட்டுச் சொல்லி வழி கேட்கின்றனர். கேட்பது இழுக்கன்று, ஆயினும் அந்த யோசனையின்மீது வைக்கப்படும் சில நம்பிக்கைகள் ஆராயத்தக்கவை.

நம்பிக்கை: சம்பந்தமில்லாதவர் நடுநிலையோடு பேசுவார்.

உண்மை: நெருங்கியவரிடம் மறைப்பதையும் மக்கள் அந்நியரிடம் சொல்லிவிடுவதை ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டி, அந்நியரின் பற்றின்மையை ஒரு சிறப்பாகவே கருதினார். எனினும் பற்றின்மை வேறு, விவரம் அறிந்திருத்தல் வேறு. கணவன் அடிப்பதாகவும் செலவுக்குப் பணம் தருவதில்லை என்றும் ஒரு பெண் சொன்ன மாத்திரத்தில் “வீட்டை விட்டுக் கிளம்பு” என்பவருக்கு, அடகு வைத்த நகையின் ரசீது யார் பெயரில் இருக்கிறது, குழந்தை எங்கே படிக்கிறது, அவளுக்குப் போக்கிடம் உண்டா என்பவை தெரியா. “வீடு அவன் பெயரில் இருப்பதால் உனக்கு அங்கே உரிமையில்லை” என்று சொல்பவரோ சட்டத்தையே அறியாதவர். ஏனெனில் இந்தியாவின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, ‘பகிர்ந்து வாழும் இல்லம்’, அதாவது இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்திய வீடு, யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது.

நம்பிக்கை: பலர் ஒன்றையே சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

உண்மை: 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்து எழுதிய 787 சீட்டுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன், அவற்றின் இடைநிலை மதிப்பு உண்மையான எடையிலிருந்து ஏறத்தாழ ஒரு விழுக்காடே விலகியிருந்ததைக் கண்டார். ஆனால் அங்கே அனைவரும் ஒரே மாட்டைக் கண்ணால் பார்த்துத் தனித்தனியே எழுதினர். கேள்விக்கும் ஒரே விடைதான் இருந்தது. குடும்பச் சிக்கலிலோ எவரும் நேரில் எதையும் பார்த்ததில்லை. முதலில் பேசியவரை ஒட்டியே அடுத்தவரும் பேசுகிறார். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய ஆய்வுகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வினாவில்கூட, சுற்றியிருந்தோர் தவறாகச் சொன்னபோது, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அத்தவறுக்கு உடன்பட்டனர்.

நம்பிக்கை: பெயரைச் சொல்லாவிட்டால் ரகசியம் வெளியே போகாது.

உண்மை: ஊர், தொழில், குழந்தைகளின் வயது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே தெரிந்தவர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்று வழக்கறிஞரைச் சாட்சியச் சட்டமும், நோயாளியின் செய்தியைக் காக்க வேண்டும் என்று மருத்துவரை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-உம் கட்டுப்படுத்துகின்றன. அந்நியரை அத்தகைய கடமை எதுவும் கட்டுப்படுத்துவதில்லை.

நம்பிக்கை: தகுதியுள்ளவரிடம் போகப் பணம் வேண்டும்.

உண்மை: சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது, அதற்கான தொலைபேசி எண் 15100. மனவேதனையில் இருப்போருக்கு 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

அந்நியரின் சொல் ஆறுதலாகலாம். யோசனை கேட்பவர் எண்ணிப் பார்க்கத் தவறிய கேள்வியை நினைவூட்டவும் கூடும். ஆனால் முடிவின் விளைவைச் சுமக்கப்போகிறவர் கேட்டவரே ஆதலால், அம்முடிவை முழு விவரத்தையும் கேட்டறிந்து, தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கக் கடமைப்பட்ட ஒருவருடன் கலந்தே எடுக்க வேண்டும்.