லாரி இஞ்சின் மிகுதியாகச் சூடேறுதல்: காரணமும் பரிகாரமும்

கரும்பு, நெல், வாழை முதலிய விளைபொருள்களைச் சொந்த லாரியில் ஏற்றியனுப்பும் நிலச்சுவான்தார்களுக்கு, வழியில் இஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிடுவது பெருநஷ்டமாகும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். இந்த அவசரத்தில் பலரும் முதலில் ரேடியேட்டரை மாற்றிவிடுகின்றனர். குற்றம் வேறிடத்தில் இருப்பின் அச்செலவு வீணே. வண்டி எந்நிலையில் சூடேறுகிறது என்பதை நிதானித்தறிந்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுத்தல் வேண்டும்.

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியவுடன் வண்டியை ஓரமாக நிறுத்துக. நீர் வெளியேறிவிட்டிருப்பின் இஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அம்மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைப்பதனால், நீர் 100 டிகிரி சென்டிகிரேடைக் கடந்தும் கொதியாமல் அடங்கியிருக்கும். திறந்த கணமே அழுத்தம் நீங்கிக் கொதிநீர் முகத்தில் பாயும். கண் போகவும் நேரலாம். மேற்குழாய் கைபொறுக்கும் அளவு ஆறும்வரை, அரை மணி நேரமாயினும், காத்திருத்தல் வேண்டும். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் காணும். அதற்காகும் செலவோ ரேடியேட்டரின் விலையைக் காட்டிலும் மிகுதி.

நின்ற இடத்தில் ஓடும்போதும் கடைவீதியில் மெதுவாகச் செல்லும்போதும் சூடேறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் தணியுமானால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில் உள்ளதென அறிக. இஞ்சினை நிறுத்தி, விசிறி பெல்ட்டின் நீண்ட பகுதியை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும். ஏறத்தாழ அரை அங்குலத்திற்கு மேல் தாழ்ந்தால் அது தளர்ந்துள்ளது. (தானே இறுக்கிக்கொள்ளும் கப்பியுள்ள வண்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.)

மாறாக, சமவெளியில் குற்றமின்றி ஓடி, பாரத்துடன் மேடேறும்போது மட்டும் கொதிக்குமானால் ரேடியேட்டரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளையும் சுமையுடன் ஏறும் வண்டியில் இக்குறை தப்பாமல் வெளிப்படும். நம் வண்டிகள் களத்திலும் வயலோரத்திலும் நிற்பவை. வைக்கோல் துணுக்கும் கரும்புச் சோகையும் ரேடியேட்டரின் தகடுகளிடையே அடைந்துகொள்கின்றன. இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மிதமான வேகத்தில் நீர் பாய்ச்சிக் கழுவுக. முன்னிருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். உட்புற அடைப்புக்குக் காரணம் நாம் ஊற்றும் கிணற்று நீரே. அதிலுள்ள உப்பு, கொதிபானையில் படிவதுபோல் குழாய்களிலும் படிகிறது. ஓடி நின்ற வண்டியின் ரேடியேட்டரைச் சற்று ஆறியபின் தடவிப் பார்த்தால், சுற்றிலும் சூடாயிருக்க இடையில் குளிர்ந்து தோன்றும் இடங்களே அடைபட்டவை.

முள் உச்சிக்கு ஏறியும் ரேடியேட்டர் சூடேறவில்லையெனில், நீர் மட்டம் சரியாயிருக்கும் பட்சத்தில், வாட்டர் பம்போ தெர்மோஸ்டாட்டோ பழுதாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுக. அதன்மேல் பொறித்துள்ள உஷ்ண அளவில், பல லாரிகளில் 82 டிகிரி அளவில், அது திறக்கத் தொடங்க வேண்டும். திறவாவிடில் புதியது மாட்டுக. அதை அறவே நீக்கிவிட்டு ஓட்டுவது நம்மிடையே பரவியுள்ள தீய வழக்கம். பல இஞ்சின்களில் அப்போது நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றிவருமாதலால், பாரமேற்றியபோது சூடு முன்னினும் மிகும்.

ஆறிய இஞ்சினை மூடி திறந்தபடி ஓடவிட்டு, நீரில் இடைவிடாது குமிழி எழுந்தாலும், எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் மோர்போல் வெளுத்துக் காணப்பட்டாலும், ஹெட் காஸ்கெட் பழுதென்று கருதி வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறையில் சேர்ப்பிக்கவும்.

பழுது நீங்கியபின் கூலண்ட்டும் வாலைநீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புக. வடித்தெடுத்த பழைய கூலண்ட்டைத் தொழுவத்தருகே விட்டுவைக்கலாகாது. அதிலுள்ள கிளைக்கால் இனிப்பாயிருப்பதனால் நாயும் கன்றும் விரும்பிக் குடிக்கும்; அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கும் விஷமாகும். மூடியுள்ள டப்பாவில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைக்கவும்.