தோற்றவர் படிக்கப்போகும் குறிப்பு

செஞ்சி மாதிரி ஊரில் டெண்டர் மதிப்பீட்டுக்கு உட்காரும் புது ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. விலைப்புள்ளி போட்டவர்கள் அத்தனை பேரும் தெரிந்த முகங்கள். ஒருவர் பள்ளியில் கூடப் படித்தவர், ஒருவர் மாமனார் ஊர்க்காரர், இன்னொருவர் நீங்கள் குடியிருக்கும் வீட்டையே கட்டியவராக இருப்பார். வேலை ஒருவருக்குத்தான் போகும். மற்றவர்களை மறுநாள் காலையில் திருவண்ணாமலை ரோட்டு டீக்கடையில் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால் தம்பி, தங்கைகளே, உங்கள் குறிப்பை மேலதிகாரி படிப்பார் என்று நினைத்து எழுதாதீர்கள். தோற்றவர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். அவருக்கு வருத்தம் இருக்கட்டும். குறை சொல்ல மட்டும் இடம் இருக்கக் கூடாது. நான் பைல்களோடு பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. எந்தச் சட்டத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். இந்த ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை. செஞ்சிக் கோட்டைக்குள் நடக்கும் வேலை இந்தியத் தொல்லியல் துறையுடையது. அங்கே மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 பேசும். கோட்டைக்கு வெளியே பேரூராட்சி போடும் சாலைக்கும் ஒன்றியம் கட்டும் தொட்டிக்கும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பேசும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு தொகை இருந்தால் மத்திய அரசுக் கொள்முதலில் வழக்கமாக எழுத்தில் உள்ளது நிற்கும். நம் மாநில விதியில் இரண்டில் எது குறைவோ அது நிற்கும். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் ஜெயிப்பவர் அந்தப் பக்கம் தோற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நினைவுச் சின்னத்தின் காப்பு எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே உரிய அனுமதி கையில் வராமல் டெண்டர் விடாதீர்கள். விலை போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவரின் நஷ்டத்தை நீங்கள் தரப் போவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி சேர்ந்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலைகள் கூடத்தான் செய்யும். இந்தக் கவனம் இனி அதிகமாகவே தேவைப்படும்.

2. நிபந்தனை எழுதும் மேசையில்தான் பாதி மதிப்பீடு முடிகிறது. எட்டு லட்ச ரூபாய் வடிகாலுக்கு ஐந்து கோடி வருட டர்ன்ஓவர் கேட்டால், அது யாருக்காகத் தைத்த சட்டை என்று ஊருக்கே தெரியும். நாட்களைக் குறைப்பதும் அதே வித்தைதான். மாநில விதிப்படி 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணம் எழுதி ஒப்ப வேண்டும். ‘அவசரம்’ என்ற ஒற்றைச் சொல் காரணம் ஆகாது.

எழுதிய நிபந்தனை எழுதியவரையும் கட்டும். பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டார்கள். இரண்டாம் தர ஓட்டல் நடத்தி ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று போட்டுவிட்டு, கேன்டீன் நடத்திய அனுபவம் மட்டுமே உள்ளவருக்குக் கொடுத்தார்கள். 1979-இல் உச்ச நீதிமன்றம், ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், தான் வைத்த அளவுகோலை அரசு அமைப்பு தானே மீறக் கூடாது என்றது. வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார் என்பதால் அந்த ஒப்பந்தத்தைக் கலைக்கவில்லை. ஆனால் சொன்ன சட்டம் இன்றுவரை நம் தலைக்கு மேல் நிற்கிறது. கேன்டீன்காரர் நல்லவராகவே இருந்திருக்கலாம். அப்படி ஒரு தளர்வு உண்டு என்று தெரிந்திருந்தால் இன்னும் பல கேன்டீன்காரர்கள் விண்ணப்பித்திருப்பார்களே, கேள்வி அதுதான்.

3. அதற்காகக் கமாவுக்கும் புள்ளிக்கும் ஆளை வெட்டாதீர்கள். வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் பழைய இரும்பு விற்க டெண்டர் விட்டது. முன்வைப்புத் தொகை ரொக்கமாகவோ ஸ்டேட் பேங்க் டி.டி.யாகவோ வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் யூனியன் பேங்கே பணத்துக்கு உறுதி சொன்ன காசோலையை வைத்தார். அதிக விலையும் அவருடையதே. 1991-இல் பொத்தார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது சரி என்றது. தகுதியைத் தீர்மானிக்கும் நிபந்தனை வேறு, அதற்குத் துணையாக நிற்கும் நிபந்தனை வேறு. ஆனால் ஒருவருக்குப் பொறுத்ததை அதே டெண்டரில் இன்னொருவருக்கும் பொறுக்க வேண்டும். இதில் தடுமாறுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

4. கால்குலேட்டரை எடுங்கள். கான்கிரீட் 42 கன மீட்டர், கன மீட்டர் 6,800 ரூபாய், மொத்தம் 2,58,600 என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். பார்த்தவுடன் அவர்தான் எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரர். அடுத்தவர் 2,70,000. ஆனால் 42-ஐ 6,800-ஆல் பெருக்கினால் 2,85,600 வருகிறது. எண்கள் இடம் மாறிவிட்டன. கூட்டல் பெருக்கல் பிழையைத் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும் என்று விதி சொல்கிறது. திருத்தினால் முதலாமவர் பின்னுக்குப் போகிறார். உடனே அவர், “சார், நான் எழுதின மொத்தத்துக்கே செஞ்சு தர்றேன்” என்பார். நல்ல மனசுதான், அரசுக்கும் லாபம்தான். ஆனால் எல்லார் விலையும் தெரிந்த பிறகு புதிதாக ஒரு விலை கொடுப்பதாக அது ஆகிவிடும். ஒப்புநோக்குப் பட்டியலில் பழைய தொகை, திருத்திய தொகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக் கையெழுத்துப் போடுங்கள்.

5. பேரம் எல்-1 ஒருவரோடு மட்டும். அதுவும் அவர் விலை சந்தை விலையையோ ஷெட்யூல் ரேட்டையோ விட அதிகமாக இருந்தால்தான். பேரத்தைப் பற்றி மாநிலச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவே. இரண்டாமவரைக் கூப்பிட்டு, “நீங்க எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்ட நிமிஷத்தில் டெண்டர் ஏலமாகிவிடுகிறது.

6. சிண்டிகேட்டைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். மூன்று பேர் டி.டி.யும் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் இருக்கும். மூன்று கடிதத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். இணையத்தில் போட்டதென்றால் ஒரே கம்ப்யூட்டர் முகவரி. ஒருவர் எஸ்டிமேட்டுக்கு ஒட்டி, மற்ற இருவர் வேண்டுமென்றே எக்சஸ். இதைப் பார்த்தும் பார்க்காதது போல எல்-1-க்கு எழுதிவிடாதீர்கள். ‘இவர்கள் கூட்டுக் களவாணிகள்’ என்று நீங்களே தீர்ப்பும் எழுதாதீர்கள். கண்ணால் கண்டதை மட்டும் எண்ணும் தேதியுமாகக் குறித்து மேலே அனுப்புங்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது.

7. அடிமாட்டு விலைக்குப் பயப்படுங்கள். முப்பது சதம் லெஸ் போட்டவரிடம் ரேட் அனாலிசிஸ் எழுத்தில் கேளுங்கள், கூடுதல் பிணைத்தொகை விதி இருந்தால் விடாமல் வாங்குங்கள். ஆனால் ‘இவரால் முடியாது’ என்ற மனக்கணக்கில் தள்ளாதீர்கள். கோட்டையில் சுண்ணாம்புப் பூச்சு போன்ற வேலைக்கு விலை மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாதுதான். 2021 அக்டோபரில் மத்திய நிதித் துறை கொடுத்த வழிகாட்டலில், தரம் முக்கியம் என்று முன்கூட்டியே உரியவர் அறிவித்த வேலைகளுக்குத் தரத்துக்கும் மதிப்பெண் வைக்கலாம், ஆனால் 30 சதத்துக்கு மேல் போகக் கூடாது என்றிருக்கிறது. அந்த மதிப்பெண்ணை எப்படிப் போடுவோம் என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். கவரைப் பிரித்த பிறகு வரும் தர அக்கறையை நான் நம்புவதில்லை.

8. குறை சொல்ல இடமில்லாத போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு காலை வேளை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய் நில்லுங்கள். நெல் மூட்டைகள் லாட் லாட்டாக அடுக்கியிருக்கும். வியாபாரி கையில் அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்ப்பார். மறைமுக ஏலத்தில் ஒருவர் எழுதிய விலை இன்னொருவருக்குத் தெரியாது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான். பிறகு லாட்டுக்கு லாட் உயர்ந்த விலையைச் சொல்வார்கள். பிடிக்காத விவசாயி கொடுக்க மாட்டேன் என்று மூட்டையை வைத்துக்கொள்ளலாம். நமக்குக் குறைந்த விலை, அங்கே கூடின விலை, அவ்வளவுதான் வித்தியாசம். கிடைக்காத வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த லாட்டுக்கு நகர்வதைப் பாருங்கள்.

9. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் கொடுத்து வைக்காதீர்கள். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டியும் வைக்காதீர்கள். சொந்தக்காரர் பெயர் பட்டியலில் இருந்தால், வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகுங்கள். மதிப்பீடு நடக்கும் நாட்களில் டீயும் உங்கள் காசிலேயே இருக்கட்டும்.

10. தள்ளுபடியான ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும், எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், எந்தச் சான்று இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். ‘தகுதியில்லை’ என்று மட்டும் எழுதினால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் மாநிலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு போவார். போகட்டும், அது அவர் உரிமை. அப்போது உங்கள் பைல்தான் பேச வேண்டும், நீங்கள் அல்ல.

11. வேலை கிடைக்காதவர்களின் முன்வைப்புத் தொகையை உடனே திருப்பிக் கொடுங்கள். சின்ன ஒப்பந்ததாரருக்கு அது கடன் வாங்கிக் கட்டிய பணம், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக அவரை மூன்று முறை அலுவலகப் படியேற வைத்தால், அடுத்த டெண்டருக்கு ஒரு ஆள் குறையும்.