பாட்டின் மேல் யார் பெயர்?



தம்பி, நீ பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கிறாய். ஆடி மாதம் வந்தால் குடியாத்தம், பேரணாம்பட்டு என்று திருவிழா மேடைகளில் விடிய விடியப் பாடுகிறாய். டிவி பாட்டுப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. போகுமுன் ஒன்றை மட்டும் யோசித்துப் பார். உன் கையால் தைத்த ஷூ கடல் தாண்டிப் போகிறது. அதன் மேல் ஆம்பூர் என்றா எழுதியிருக்கிறது? எங்கோ இருக்கும் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. பாட்டுக்கும் இப்படி நடந்திருக்கிறது; அதுவும் பல காலமாக.

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். கேட்கத் துடித்த ஜனம் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. அங்கே பாட்டுக்குப் பாட்டு விளம்பரம். அந்த ஆண்டே தொடங்கிய இந்திப் பாட்டு நிகழ்ச்சிக்கு 'பினாகா கீத் மாலா' என்று பெயர். பினாகா ஒரு பற்பசை! டெல்லி இறங்கி வந்து 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. பத்து ஆண்டில் அதிலும் விளம்பரம் நுழைந்தது.

அதே இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகளுக்கு வேலூரில் ஒரு சிறுமி காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். பாட்டை மட்டுமல்ல, இடையில் வரும் வாத்திய இசையையும் சேர்த்து மனப்பாடம் செய்தாள். 1945-ல் வேலூரில் பிறந்த கலைவாணி, பின்னாளில் வாணி ஜெயராம். உன்னைப்போல அவரும் பகலில் வேலைக்குப் போனவர்தான். ஸ்டேட் வங்கியில் இருந்தார். கர்நாடக சங்கீதம் கைவசம் இருந்தும், மும்பையில் ஒரு உஸ்தாதிடம் முதலிலிருந்து இந்துஸ்தானி கற்றார். 1971-ல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடினார். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' முதல் தேசிய விருதைக் கொடுத்தது. மேலும் இரண்டு பின்னால் வந்தன. பற்பசை விளம்பரத்தால் அவருடைய இசை கெட்டுப்போகவில்லை, தம்பி. வியாபாரத்தைப் பார்த்துப் பயப்படாதே.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் தெரு வெறிச்சோடும். காதால் கேட்ட பாட்டைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். பாடியவர் பெயர் பின்னுக்குப் போய், 'ரஜினி பாட்டு', 'கமல் பாட்டு' என்ற பேச்சு வலுத்தது. 1993-ல் சன் டிவி. 'பெப்ஸி உங்கள் சாய்ஸ்' நடத்திய உமாவை ஊரே 'பெப்ஸி உமா' என்றது. குளிர்பானம் ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2006-ல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' பாட்டுப் போட்டியின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது ஏர்டெல்.

இந்தப் போட்டிகளால் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய். சிபாரிசு இல்லாத சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை வாசல் திறந்தன. ஆனால் அங்கே பாடப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே வெற்றிபெற்ற சினிமாப் பாட்டு. அதை அச்சு அசலாகப் பாடினால் கைதட்டல். சொந்த மெட்டுக்கு அங்கே நாற்காலி இல்லை.

உன் மேடையையே பார். பதினைந்து பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் இப்போது ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு. பென் டிரைவில், பாடகர் குரல் மட்டும் இல்லாத மைனஸ் ஒன் ட்ராக். டோலக் வாசிப்பவர் உன் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார். நீ பல்லவியில் ஒரு சங்கதி கூட்டினால் அவர் இன்னொரு சுற்று சுற்றிவிட்டுக் காத்திருப்பார். ட்ராக் காத்திருக்காது. அதனால் நீ சங்கதி கூட்டுவதையே நிறுத்திவிடுவாய். நிறுத்தாதே. ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு பாட்டாவது ட்ராக் இல்லாமல் பாடு. அது உன் சொந்தப் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

சொந்தப் பாட்டு என்றதும் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு நினைவுக்கு வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எழுதினார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார். தயாரித்தவர் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். உலகமே கேட்டது. அந்த ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் இருந்தது, அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூவருக்கும் அந்தப் பாட்டால் ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். இத்தனைக்கும் அது சினிமாப் பாட்டு இல்லை. கலைஞருக்கே முழு உரிமை கிடைக்கும் என்று பலரும் நம்பிய 'சுயாதீன இசை'.

அதனால் கையெழுத்துப் போடுமுன் சட்டத்தைத் தெரிந்துகொள். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. மீறி எழுதி வாங்கினால் செல்லாது. பதிவான குரல் வணிகத்துக்குப் பயன்பட்டால் பாடகருக்கும் ராயல்டி உண்டு. எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கம் 1969 முதல் இருக்கிறது. பாடகர்களுக்கான சங்கம் 2013-ல் இஸ்ரா என்ற பெயரில் வந்தது. இரண்டிலும் விசாரித்து உறுப்பினராகு.

தோல் ஷாப்பில் ஜாப் ஒர்க் என்பார்களே, அடுத்தவன் தோலைப் பதனிட்டுக் கூலி வாங்குவது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு பாடுவதும் அப்படித்தான். கூலியைச் சரியாகக் கேட்டு வாங்கு. ஆனால் நீ எழுதி, நீ மெட்டுப்போட்ட பாட்டை ஜாப் ஒர்க் கணக்கில் கொடுத்துவிடாதே. போட்டிக்குப் போகும்போது அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வா. ஒரு வக்கீலிடம் காட்டி, வரிக்கு வரி படித்த பிறகு கையெழுத்துப் போடு.