சங்க வளாகத்தில் சரக்கொன்றை வளர்த்தல்

சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில், தென் சென்னையிலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தைப் பரிசீலித்துக்கொண்டிருந்தேன். வளாகத்தில் பட்டுப்போய் நிற்கும் மரத்தை ஏலத்தில் விற்பது பற்றிய விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாகக் குறிக்கப்பட்டிருந்தது. வெளியே சென்று பார்த்தேன். இருபதடி உயரமுள்ள சரக்கொன்றை ஓர் இலைகூட இன்றி நின்றது. கைக்கெட்டிய கிளையொன்றின் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பசுமையாக இருந்தது. தீர்மானத்தை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். மே மாதத்தில் அம்மரம் பூத்துக் குலுங்கியது. ஏலம் நடைபெறவில்லை.

அங்கத்தினர் பலர் செய்யும் இப்பிழைக்குக் காரணம் ஒன்றுண்டு. குளிர்நாடுகளில் மரங்கள் பனிக்கு அஞ்சி இலையை உதிர்க்கின்றன. நம் நாட்டிலோ வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கின்றன. இலை வழியாகவே மரம் நீரை இழக்கின்றது. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியபின், சரக்கொன்றை தன் இலைச் செலவைக் குறைத்துக்கொண்டு இருப்பைக் காக்கின்றது. வரவறிந்து செலவு செய்யும் குடும்பத்தின் போக்கே இது. இலையுதிர்ந்த மரத்தைக் கண்டு கலங்கிக் குடம் குடமாய் நீர் ஊற்றுவது வீண் வேலை. சந்தேகம் தோன்றினால் பட்டையைக் கீறிப் பார்த்தலே போதும்.

கொன்றை என்னும் பெயரில் நம் நகரில் வேறு சில மரங்களும் உலவுகின்றன. மஞ்சள் பூங்கொத்தை மேல்நோக்கி நிமிர்த்தி, துருநிற மொட்டும் செம்பு நிறத் தட்டைக் காயும் தாங்கி நிற்பது பெருங்கொன்றை. செந்நிறப் பூவுடைய குல்மொஹர், மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்கியதால் அரசு அகற்றிவரும் அயல்நாட்டு மஞ்சள் கொன்றை மற்றொன்று. அதனை எக்காரணம் கொண்டும் நடலாகாது. சரக்கொன்றையின் பூங்கொத்தோ சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். காய் உருண்டையாய், ஒன்று முதல் இரண்டடி நீளத்தில், முற்றியபின் கருங்கோல் போலிருக்கும். கன்று வாங்குவோர் தாய்மரத்தின் காயைக் கேட்டுப் பார்த்து வாங்குதல் நலம்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள். அன்று வர்தா புயலில் சென்னையில் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் குல்மொஹரும் பெருங்கொன்றையும் மிகுதி. விரைவில் நிழல் தரும் என்று நம்பி ஒரு சங்கம் வைத்திருந்த குல்மொஹர், சாயப்பட்டறைக் கொட்டகையின் மேல் விழுந்தது. கூரையுடன் இரண்டு மாத வேலையும் போயிற்று. சரக்கொன்றை விழவே விழாது என்று நான் ஜாமீன் கையெழுத்திட இயலாது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் புகழ்பெற்ற ஆலமரத்தின் அடிமரமே 1989இல் புயற்காற்றில் சாய்ந்ததன்றோ? ஆயினும் மெல்ல வளர்ந்து, கட்டை உறுதிப்பட்டு, மிகையாகப் பருக்காத மரத்தை நம்புவது விவேகம். கட்டடத்திலிருந்து இருபதடியேனும் தள்ளி நடவேண்டும். ஒரு கிரவுண்டு மனையில் கட்டடம் போக எஞ்சிய மூலை இதற்குப் போதாது.

இனி மண்ணைப் பற்றி. மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய பகுதியிலும் அடையாற்றிலும் பெரும்பாலும் மணற்பாங்கு, நீர் தங்காது. தியாகராய நகரின் நிலைமை வேறு. நெட்டேரி எனப்பட்ட பழைய ஏரியின் பகுதியைத் தூர்த்து 1920களில் அமைக்கப்பட்ட நகர் அது. (அந்நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராய செட்டியார் தேவாங்கர் குலத்தில் தோன்றிக் கைத்தறித் தொழிலை ஆதரித்தவர் என்பது நம் நெசவாளர் அறியத்தக்கது.) ஏரிப்படுகையின் களிமண்ணில் மழைநீர் நாட்கணக்கில் நிற்கும். சரக்கொன்றை வறட்சியைப் பொறுக்கும். வேரடியில் தேங்கும் நீரைப் பொறாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சொல் கேட்டு அப்பகுதியில் குழியில் நட்ட ஆறு கன்றுகளில் நான்கு, முதல் ஐப்பசி மழையிலேயே வேரழுகிப் போயின. அங்கு நடுவோர் ஒன்றரையடி உயர மேடு அமைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, அதன்மேல் நடுக. மணற்பாங்கான இடத்தில் மூன்றடி நீள, அகல, ஆழக் குழியில் ஏரி வண்டலும் தொழு எருவும் கலந்து நிரப்புக.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் முற்றிய காயை உடைத்தால், அறை அறையாகப் பிரிந்த உள்ளீட்டில் விதைகளைக் காண்பர். விதைத்தோல் மிகக் கடினமானது. அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் முளையாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து நீரில் ஓரிரவு ஊறவைக்கலாம். அல்லது கொதித்து இறக்கிய நீரில் இட்டு, அந்நீர் ஆறும்வரை விட்டுவைக்கலாம். பண்ணையில் கன்று வாங்குவதாயின் உயரத்தைப் பார்த்து மயங்கற்க. பாலிதீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர், பைக்குள் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அது தரையிலும் அவ்வாறே சுற்றும். பத்தாண்டு கழித்து ஒரு புயலில் குடை சாய்வது போலச் சாயும். முழங்கால் உயர இளங்கன்றே மேல்.

ஆடி, ஆவணியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். மூங்கிற்கழி ஊன்றிக் கயிற்றால் தளர்வாகக் கட்டுக. முதலிரண்டு கோடையில் வாரம் இருமுறை நீர் போதும். அதன்பின் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். அவரை, துவரை போல இதுவும் காய்க்கும் இனமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்று சிலர் எண்ணுகின்றனர். சரக்கொன்றையின் வேரில் அம்முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு கூடை எரு இடுதல் வேண்டும். இலைகளை வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் தின்னக்கூடும். மருந்து தெளிக்க வேண்டா, தளிர் மீண்டும் வரும். கிளை கழிப்பதைப் பூத்து முடிந்தபின் செய்க. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசும் வழக்கத்தை மட்டும் அருள்கூர்ந்து கைவிடுக.

விதைக் கன்று பூக்க ஐந்தாறு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். இன்றைய நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் அதற்குள் முடிந்துவிடும். பூவைக் காண்பது அடுத்த குழுவாக இருக்கலாம். இதனாலேயே பல சங்கங்கள் குல்மொஹரை நாடுகின்றன என்பது என் ஐயம்.

காயின் சதை பேதி மருந்தாகச் சித்த வைத்தியத்தில் பயன்படுவது. வளாகத்தில் விளையாடும் சிறுவர் அதைத் தின்னாதபடி எச்சரிக்க வேண்டும். கன்று, எரு, மூங்கிற்கழி, வண்டிக்கூலி ஆகிய செலவுகளை வளாகப் பராமரிப்பு என்னும் தலைப்பில் எழுதி, ரசீதுகளைக் கோப்பில் சேர்த்து வைக்கவும்.