சைக்கிளுக்கு ஒரு எல்.இ.டி. முகப்பு விளக்கு

அமாவாசை இரவு. தெருவிளக்கு இல்லாத சாலை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் வருகிறீர்கள். வழியில் ஒரு பள்ளம். அது எவ்வளவு தொலைவில் இருக்கும்போதே உங்கள் கண்ணில் பட வேண்டும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 4.2 மீட்டர். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு வினாடி போய்விடும், அதற்குள் 4.2 மீட்டர் கடந்திருப்பீர்கள். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடியும் வேகம் 3 மீட்டர் குறைவதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இந்த எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம் 2.9 மீட்டர். ஆக மொத்தம் 7 மீட்டருக்கு மேல். மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். எனவே 10 மீட்டர் வரை சாலையைக் காட்டாத விளக்கை நம்பி இந்த வேகத்தில் போகக்கூடாது.

பழைய சைக்கிள்களில் டயரோடு உரசிச் சுழலும் டைனமோவைப் பார்த்திருப்பீர்கள். 6 வோல்ட், 3 வாட். அதில் முன்விளக்குக்கு 2.4 வாட், மீதி பின்விளக்குக்கு. இழை விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமென் ஒளிதான் தரும். மேலும், சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். எல்.இ.டி.யோ ஒரு வாட்டுக்கு 100 லூமென் வரை எளிதாகத் தருகிறது. அதன் சில்லு உமிழ்வது நீல ஒளி. மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. இதற்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோருக்கு 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் முதன்முதலில் இத்தகைய விளக்கைச் செய்தபோது, எல்.இ.டி.யும் ஒருவகை பல்புதானே என்று எண்ணி, நான்கு செல்களோடு நேராக இணைத்துவிட்டேன். கண்ணைப் பறிக்கும் ஒளி வந்தது. சற்று நேரத்தில் அது நீலம் பாய்ந்தது. பிறகு அணைந்தே போயிற்று. காரணம் இதுதான். இழை விளக்கு சூடேறினால் அதன் மின்தடை கூடும். அது தன்னைத்தானே ஓரளவு காத்துக்கொள்ளும். எல்.இ.டி. அப்படியல்ல. சுமார் 3 வோல்ட்டைத் தாண்டியதும், மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறும். சூடேறினால், அதே மின்னோட்டம் பாய இன்னும் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே மின்னோட்டம் மேலும் ஏறும். சூடு மேலும் கூடும். இந்தச் சுற்றை நிறுத்தத்தான் ஒரு மின்தடையம் தேவை.

நமக்கு வேண்டியவை: அலுமினியத் தட்டில் பொருத்திய 3 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, அதற்குரிய 20 பாகைக் குவிவில்லை, மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல்கள் நான்கு, செல் பெட்டி, 4.7 ஓம் 2 வாட் மின்தடையம், 1 ஆம்பியர் பியூஸ், சுவிட்ச். பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த லித்தியம் செல்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவை குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பற்றக்கூடும். நமக்கு அவை வேண்டாம்.

4.7 ஓம் எப்படி வந்தது? நான்கு செல்களின் மின்னழுத்தம் 4.8 வோல்ட். எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 3.2 வோல்ட். மீதி 1.6 வோல்ட்டும் மின்தடையத்தின் மேல் விழுகிறது. ஓம் விதிப்படி 1.6-ஐ 4.7-ஆல் வகுத்தால் 0.34 ஆம்பியர். புதிதாக மின்னேற்றிய செல்கள் 5.6 வோல்ட் வரை காட்டும். அப்போது மின்னோட்டம் அரை ஆம்பியரை நெருங்கும். 1 வாட் எல்.இ.டி.க்கு அது அதிகம். 3 வாட் எல்.இ.டி. சுமார் 0.7 ஆம்பியர் வரை தாங்கும். பெரிய எல்.இ.டி.யை வாங்கிப் பாதித் திறனில் இயக்குவது ஏன் என்பது இப்போது விளங்கும். மின்தடையத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகிறது என்பது உண்மையே. மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் மின்சுற்றுப் பலகை இதைவிடச் சிறந்தது. ஆனால் முதல் விளக்குக்கு, புரிந்து செய்யக்கூடிய மின்தடையமே போதும்.

அடுத்தது வெப்பம். இழை விளக்கு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யின் வெப்பமோ சில்லின் அடியிலேயே தங்கும். உலோகத்தின் வழியாக அதைக் கடத்த வேண்டும். அலுமினியச் சன்னல் செய்யும் பட்டறையில் 10 செ.மீ. நீளத் துண்டு ஒன்று கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். எல்.இ.டி.யில் கம்பிகளை முதலில் சால்டர் செய்துவிடுங்கள். அலுமினியத்தில் பொருத்தியபின் செய்ய முயன்றால் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருகாது. பிறகு அடியில் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி இரண்டு திருகுகளால் இறுக்குங்கள். திருகுத் தலைகள் இணைப்புப் புள்ளிகளைத் தொடாமலிருக்க பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். செல்கள், பியூஸ், சுவிட்ச், மின்தடையம், எல்.இ.டி. எல்லாம் தொடர் இணைப்பு. எல்.இ.டி.யின் நேர், எதிர் முனைகளை மாற்றிவிடாதீர்கள். பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு, அலுமினியத்தைத் தொடுங்கள். ஐந்து வினாடி விரலை வைத்திருக்க முடியாவிட்டால் துண்டு போதவில்லை, பெரிதாக்குங்கள். எரியும்போது எல்.இ.டி.யை நேராகப் பார்க்கவே கூடாது.

வில்லை இல்லாவிட்டால் என்ன? 100 லூமென் ஒளி 120 பாகைக்கு விரிந்து சிதறும். 10 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் ஒளி, முழுநிலவின் வெளிச்சத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே ஒளியை 20 பாகைக்குள் அடக்கினால் அங்கே 25 மடங்குக்கு மேல் பிரகாசம் கிடைக்கும். மின்சாரம் ஒரு துளிகூட அதிகமாகச் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாய்ந்தால், அவர் பள்ளத்தில் விழுவார். ஆகவே சாய்வு முக்கியம். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சைக்கிளைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒளிவட்டத்தின் மையம் சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழும்படி திருப்புங்கள். வடிவொத்த முக்கோணங்களின்படி, சுவர் இல்லாவிட்டால் மையம் 6 மீட்டரில் தரையைத் தொடும். சாய்வு 9.5 பாகை; கற்றையின் அரைக்கோணம் 10 பாகை. எனவே கற்றையின் மேல்விளிம்பு ஏறத்தாழ கிடைமட்டமாகவே செல்லும். கீழ்விளிம்பு 3 மீட்டருக்குச் சற்று முன்னரே தரையைத் தொடும். நமக்கு வேண்டிய 10 மீட்டர் இடையில் நன்றாக அடங்குகிறது. கரடுமுரடான சாலையில் விளக்கு மெல்ல நிமிர்ந்துவிடும். கிளாம்பின் அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்குங்கள்.

2000 மில்லிஆம்பியர்-மணி செல்கள் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். தீரும் தறுவாயில் ஒளி படிப்படியாக மங்கும், அப்போதே மின்னேற்றிவிடுங்கள். மின்சுற்றைப் பிரிக்காமலேயே மின்னோட்டத்தை அறியலாம்: மின்தடையத்தின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்து 4.7-ஆல் வகுத்தால் போதும்.

பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்களும் தெரிய வேண்டுமல்லவா? 2 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை அதே 4.8 வோல்ட்டில் பின்விளக்காக இணைக்க எத்தனை ஓம் வேண்டும்? கடையில் 100, 120, 150, 180 ஓம்கள் கிடைக்கின்றன. எதை வாங்குவீர்கள்?