குதிகால் வலி: முதல் அடிக்கு முன் ஒரு பயிற்சி

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துவது போன்ற வலி; சிறிது நடந்தால் தணியும். ஸ்ரீரங்கம் கோயில் கல்தரையில் வெறுங்காலுடன் வலம் வருவோர் பலர் இவ்வாறு கூறுவதுண்டு. குதிகால் எலும்பிலிருந்து விரல்வரை செல்லும் தசைநார்ப் பட்டை ஓய்வில் இறுகி, ஊன்றியதும் திடீரென இழுபடுவதே இதற்குக் காரணம்.

எழுந்து நிற்கும் முன், வலிக்கும் காலை மறுகாலின் முழங்கால்மீது வைத்து, விரல்களை முன்காலை நோக்கி மெல்ல இழுத்து 10 விநாடி நிறுத்தவும். இவ்வாறு 10 முறை. பின்னர்ச் சுவரில் கையூன்றி, அக்காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையில் பதிய முன்சாயவும். 30 விநாடி வீதம் 3 முறை. நாள்தோறும் செய்துவந்தால் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் வலி நீங்கும்.

வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல் இருப்பின் உடனே மருத்துவரைக் காணவும். நீரிழிவால் உணர்விழந்த பாதம் சுடுகல்லையும் அறியாது. அத்தகையோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது.