அருமையும் உண்மையும்: பாடி கட்டிய இத்தாலிய ஸ்டேஷன் வாகன்கள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

'அருமை' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. எளிதில் கிடைக்காமை ஒன்று, மதிப்புடைமை மற்றொன்று. கிடைத்தற்கு அரியதெல்லாம் மதிப்புடையதே என்று நம் முன்னோர் கருதினர் போலும். ஆனால் பழைய மோட்டார் வண்டிகளின் உலகில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. 'இது உண்மையானதா?' என்பதே அக்கேள்வி. அரிய பொருளுக்கு விலை ஏறுகிறது. விலை ஏறினால் போலி பிறக்கிறது. போலி பெருகினால் அருமையே பொய்யாகிவிடுகிறது. இத்தாலியில் கைத்தொழிலாளர் பாடி கட்டிய ஸ்டேஷன் வாகன்களையும், அவற்றுக்கு உறவாக நம் நாட்டில் ஓடிய ஃபியட் வாகன்களையும் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடி கட்டுதல்

நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரமும் அச்சும் ஏர்க்காலும் தச்சர் வேலை. அதன்மேல் மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்து கூண்டு அமைப்பது தனி வேலை. கூண்டைக் கழற்றிவிட்டால் அதே வண்டி நெல் மூட்டை ஏற்றும். மோட்டார் வண்டியும் முதலில் இப்படித்தான் பிறந்தது. கம்பெனி சேஸிஸை மட்டும் செய்யும். அதில் எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் இருக்கும். வாங்கியவர் அதைப் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டு சென்று, தம் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்பக் கட்டிக்கொள்வார்.

இத்தொழில் நமக்குப் புதியதன்று. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி குதிரை வண்டி கட்டியே புகழ் பெற்றது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். இன்றும் நெடுஞ்சாலையில் கூரையும் கதவும் இல்லாத பஸ் சேஸிஸ் ஒன்றைத் தலையில் துண்டு கட்டிய டிரைவர் ஓட்டிச் செல்வதைக் காணலாம். அது கரூருக்குப் பாடி கட்டப் போகிறது. லாரி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு. ஆகவே, இத்தாலியப் பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தெரியாத உலகத்தைப் பற்றி நாம் பேசவில்லை.

இத்தாலியின் 'சிறு தோட்டம்'

'ஸ்டேஷன் வாகன்' என்ற பெயர், ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றி வந்த வண்டி என்பதால் அமெரிக்காவில் வந்தது. இத்தாலியரோ அதற்கு 'ஜார்தினெத்தா' என்று பெயரிட்டனர். 'சிறு தோட்டம்' என்பது பொருள். தூரின் நகரில் 1921-இல் தொடங்கிய வியோத்தி பட்டறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபியட் 1100 போன்ற வண்டிகளின்மேல் மரச் சட்டம் பூட்டி வாகன்களைக் கட்டிற்று. போரில் நொந்த நாட்டில் எஃகுத் தகடு எளிதில் கிடைக்கவில்லை, தச்சர்கள் இருந்தார்கள். தட்டுப்பாடே ஒரு புது அழகுக்கு வழி செய்தது எனலாம்.

ஃபியட் கம்பெனியும் 1948-இல் தன் சின்னஞ்சிறு 'தொப்போலீனோ' காரில் மரச்சட்ட வாகன் ஒன்றை வெளியிட்டது. 569 சி.சி. எஞ்சின்தான், ஆனாலும் ஒரு குடும்பமும் அதன் மூட்டைகளும் அதில் ஏறின. 1951-இல் மரம் போய் முழு எஃகு வந்தது. மிலான் நகரின் கொல்லி பட்டறை, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா கார்களை வாகன்களாக மாற்றிக் கட்டியது. அவற்றில் சில போலீஸாரிடம் பணி செய்தன. மறுகோடியில் செல்வரின் ஆசை. அமெரிக்காவில் ஃபெராரி விற்ற குடும்பத்தைச் சேர்ந்த இளைய லூயிஜி கினெட்டி விரும்பியபடி, விஞாலே பட்டறை ஃபெராரி 330 ஒன்றை வாகனாகக் கட்டி 1968 தூரின் கண்காட்சியில் வைத்தது. உலகில் அது ஒன்றே ஒன்று.

ஏன் அரிதாயின?

காரணங்கள் மூன்று. முதலாவது, கையால் கட்டியவை ஆதலின் தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைவு. இரண்டாவது, வாகன் என்பது உழைக்கும் வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் மழை வந்தால் கொட்டகைக்குள் இருக்கும். வாகன் மழையிலும் காய்கறிக் கூடை சுமக்கும். மரச்சட்டம் உளுக்கும், தகடு துருப்பிடிக்கும், ஒருநாள் காயலான் கடைக்குப் போய்விடும். போற்றி வைத்தது எஞ்சுகிறது, உழைத்தது அழிகிறது. இது வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று.

மூன்றாவது காரணம் பொறியியல் சார்ந்தது. 1953-இல் வந்த ஃபியட் 1100-103 காரில் தனிச் சேஸிஸ் இல்லை. தரையும் தூணும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. பளுவைத் தாங்குவதும் அக்கூடுதான். முட்டை ஓட்டின் ஒரு பகுதியை வெட்டினால் முழு ஓடும் வலுவிழப்பது போல, இக்கூட்டில் கூரையை வெட்டினால் வண்டி முழுவதும் தளரும். கூண்டைக் கழற்றி வேறு கூண்டு மாட்டும் காலம் அத்துடன் முடியத் தொடங்கிற்று.

நம் நாட்டு உறவு

அந்த 1100 காரையே பம்பாய்ப் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி நம் நாட்டில் செய்தது. 1964-இல் 'ஃபியட் 1100 டிலைட்' வந்தது. 1972-இல் அதற்குப் 'பிரீமியர் பிரெசிடென்ட்' என்று பெயர் மாறிற்று. பின்னர் சித்தூர் அரசியின் பெயரால் 'பத்மினி' ஆயிற்று. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் அருகிலேயே கியர். பம்பாயில் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரில் சாலையை விட்டு நீங்கின. இவ்வினத்தில் பெரும்பாலானவை நான்கு கதவு சலூன்களே. வாகன் வேண்டியவர்களுக்காக, சலூனின் பின்பாதியை மாற்றிப் பாடி கட்டிக் கொடுத்தார்கள். 'சஃபாரி' என்ற பெயரும் வழங்கிற்று. ஆம்புலன்ஸாகவும் சவ ஊர்தியாகவும்கூட இவை மாறின. எத்தனை கட்டினார்கள் என்பதைவிட, கட்டியவர்களின் பெயர் எத்தனை வண்டிகளில் எஞ்சியிருக்கிறது என்பதே வருத்தம் தரும் கேள்வி. வியோத்தி தன் பெயரைத் தகட்டில் பொறித்து வண்டியில் பதித்தார். நம்மவர்கள் அப்படிச் செய்ததாக நான் பார்த்த வண்டியில் அடையாளம் இல்லை.

பட்டறையில் ஒரு பாடம்

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் என் தாய்மாமன் டிங்கராக வேலை செய்கிறார். அங்கு 1968-ஆம் ஆண்டின் ஃபியட் வாகன் ஒன்று பழுதுக்கு வந்து நின்றது. ஆசிரமத்துக்கு வருவோரை விழுப்புரம், காட்பாடி ரயில் நிலையங்களிலிருந்து பெட்டி படுக்கையோடு ஏற்றி வந்த வண்டி என்று அங்குள்ள பெரியவர்கள் சொன்னார்கள். அப்படியானால் பெயருக்கேற்ற ஸ்டேஷன் வாகன்தான். ஆனால் அது அக்காலத்தில் கட்டியதா, அண்மையில் யாரோ சலூனை வெட்டிச் செய்ததா? மாமாவின் அனுபவத்தையும் வகுப்பறைப் பாடத்தையும் சேர்த்துப் பார்த்தோம்.

முதலில் பற்றவைப்பு. தொழிற்சாலையில் இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்து மின்சாரம் பாய்ச்சி, புள்ளி புள்ளியாக ஒட்டுவார்கள். பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், தடைக்கும், காலத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஜூல் விதியே அங்கு வேலை செய்கிறது. அதன் தடம் சீரான இடைவெளியில் சிறு வட்டக் குழிகளாகத் தெரியும். பட்டறையில் கேஸ் வெல்டிங் செய்தால் தொடர்ந்த தழும்பு விழும். இந்த வண்டியில் முன்பாதி முழுதும் புள்ளிகள். பின்கதவுத் தூணுக்கு அப்பால் தழும்பு. ஆக, பின்பாதி கைவேலை என்பது உறுதியாயிற்று.

அடுத்தது காந்தம். நல்ல தகட்டில் சிறு காந்தம் இறுக ஒட்டும். இடையில் பட்டி தடித்திருந்தால் தளர்ந்து விழும். தொலைவு கூடக் கூடக் காந்த விசை வேகமாகக் குறைவதே காரணம். தழும்பின்மேல் காந்தம் ஒட்டவில்லை. ஆனால் காந்தம் ஒட்டாததெல்லாம் பட்டி ஆகிவிடாது. பழைய டிங்கர்கள் பள்ளத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையால் நிரப்பினார்கள். அது 183 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கி, உடனே நீராகிவிடாமல், சிறிது நேரம் களிபோல் நிற்கும். அதற்குள் மரக்கட்டையால் தேய்த்து வடிவாக்கிவிடுவார்கள். மாமா ஓர் ஓரத்தில் சுரண்டிக் காட்டினார். "பட்டின்னா தூளா கொட்டும், ஈயம்னா சுருளா வரும். பாத்துக்கோ மாப்ளே" என்றார். சாம்பல் நிறச் சுருள் வந்தது.

மூன்றாவது பெயிண்ட். ஓரிடத்தில் சாய்வாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் அடுக்குகள் தெரியும். முன்கதவிலும் பின்பாதியிலும் ஒரே வரிசையில் நான்கு நிறங்கள் இருந்தன. முன்கதவில் மட்டும் அடியில் ஐந்தாவதாக ஒரு பச்சை இருந்தது. பச்சை சலூனாகப் பிறந்து, முதல் பெயிண்டுக்குப் பின்னரே வாகனாகி, அதன்பின் இரண்டு பாதிகளும் ஒன்றாகவே முதுமை அடைந்திருக்கின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம்.

எனினும் ஈயம் கையாளத் தெரிந்தவர் இன்றும் உண்டு. நிறங்களை அடுக்கிக் காட்டவும் முடியும். ஒரு சான்று ஐயத்தை எழுப்பும். பல சான்றுகள் ஒத்துப்போனால்தான் ஐயம் தீரும். இறுதிச் சான்று தாளில் இருந்தது. பழைய ஆர்.சி. புத்தகத்தில் பாடியின் வகை 'சலூன்' என்பது அடிக்கப்பட்டு, 'ஸ்டேஷன் வாகன்' என்று 1971-ஆம் ஆண்டுத் தேதியோடு திருத்தப்பட்டு, முத்திரையும் இடப்பட்டிருந்தது.

உண்மை என்பது எது?

இங்கேதான் சிக்கல். நம் நாட்டில் 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய வழி வகுத்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி மூல வடிவில் பேணப்பட வேண்டும் என்றும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருத்தல் ஆகாது என்றும் அவ்விதி கூறுகிறது. நல்ல நோக்கமே. ஆனால் 1971-இல் வெட்டிக் கட்டிய வாகனின் மூல வடிவம் எது? தொழிற்சாலை தந்த சலூனா, பட்டறை தந்த வாகனா? மறுபடி சலூனாக்கினால் ஐம்பது ஆண்டு வரலாறு அழியும். வேறொரு பழைய சலூனின் பின்பாதியும் அதற்குப் பலியாகும்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. வண்டி தன் பயன்பாட்டுக் காலத்தில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே என்பதும், செய்யும் பழுதுகளை எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதன் கருத்துகள்.

இதை நாம் தூரினிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. நம் அண்ணாமலையார் கோயில் பெரிய தேர் 2024-இல் பழுது பார்க்கப்பட்டு, வெள்ளோட்டம் விடப்பட்டு, கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் வீதி வலம் வந்தது. புது மரம் சேர்ந்தது என்பதற்காக அதைப் போலித் தேர் என்று எவரும் சொல்லவில்லை. மரம் மாறியதை ஊரே அறியும்; மறைக்க எதுவும் இல்லை.

ஆகவே உண்மை என்பது மாறாமை அன்று, மாற்றத்தை மறையாமை. 1971-இல் பிழைப்புக்காகச் சலூனை வெட்டியவர் வாகன் ஒன்றைப் படைத்தார். அதே வெட்டை இன்று வெட்டி, 'அக்காலத்தது' என்று சொல்லி விற்பவர் பொய்யைப் படைக்கிறார். இரண்டு தழும்பும் ஒரே இடத்தில்தான் இருக்கும். தேதியும் அதைச் சொல்லும் நேர்மையுமே வேறுபாடு.

முடிவுரை

இத்தாலியப் பட்டறைகளின் வரலாற்றை எழுத நூல்கள் உண்டு, பொருட்காட்சி சாலைகள் உண்டு. நம் டிங்கர்களின் வரலாறு அவர்கள் கையிலும் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. ஈயம் தேய்க்கும் கை ஓய்ந்தால், ஈயச் சுருளைப் பார்த்துக் காலம் சொல்லும் கண்ணும் ஓய்ந்துவிடும். அதன்பின் உண்மை வண்டிக்கும் போலி வண்டிக்கும் சாட்சி சொல்ல ஆளிருக்காது.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் தச்சர், கொல்லர், டிங்கர், டிரைவர் வீட்டுப் பிள்ளைகள். எழுதப் படிக்கும் வாய்ப்பு முதன்முதலாக நம் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, எந்த வண்டியை எந்த ஆண்டில் எப்படிக் கட்டினார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோமானால், அதுவே நம் ஊர் வண்டிகளுக்குச் சாசனம் ஆகும். அந்த ஃபியட் வாகனுக்கு நான் அப்படி எட்டுப் பக்கம் எழுதி, ஒரு படியை ஆர்.சி. புத்தகத்தோடு வைக்கும்படி உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறேன். வாகனைக் கட்டியவர் பெயருக்கு மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். தெரிந்தவர் எவரேனும் அதை நிரப்பித் தருவாராக.